எந்த நாட்டுக் கப்பல்

'ஹன்னா' என்ற சிறு பாய்க்கப்பல் டச்சுக்காரர் ஆளும் ஸ்டேசியாத் தீவின் துறையில் நங்கூரம் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துறைமுகப் படகில் வந்த டச்சுக்காரர் கேட்ட ஒரு கேள்விக்குக் கப்பலில் யாருக்கும் பதில் தெரியாமல் போயிற்று.

கேள்வி ஒன்றும் புதியதல்ல. எந்தத் துறைக்குப் போனாலும் கேட்பதுதான். கப்பலின் பெயர் என்ன, தலைவர் யார், எங்கிருந்து வருகிறது, என்ன சரக்கு, எந்த நாடு. முதல் நான்குக்கும் யாப் மளமளவென்று டச்சு மொழியில் பதில் சொல்லிவிட்டான். ஹன்னா. கேப்டன் அசாஹெல் தார்ப். கனெக்டிகட் குடியேற்றத்து நியூ ஹேவன். உப்பு மீன், வெங்காயம், பீப்பாய்ப் பலகை, ஆறு குதிரை. ஏழாவது குதிரை வழியிலேயே செத்துக் கடலுக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னான். ஐந்தாவது கேள்விக்கு வாயைத் திறந்தவன், திறந்த வாயை மூடிக்கொண்டு கேப்டனைத் திரும்பிப் பார்த்தான்.

யாப்புக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பினத்தவன். கப்பலில் பாயும் கயிறும் அவன் பொறுப்பு. ஹட்சன் ஆற்றங்கரையில் எசோபஸ் பக்கத்து டச்சுக் குடியானவர் ஒருவரின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவன். அந்தப் பக்கத்தில் அடுப்படியிலும் தொழுவத்திலும் தேவாலயத்திலும் டச்சுதான் பேச்சு. ஆங்கிலம் அவன் நாக்கில் ஏறியதே பன்னிரண்டு வயதுக்கு மேல்தான். பண்ணைக்காரர் சாகும்போது உயிலில் அவனுக்கு விடுதலை எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டை மெழுகுத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடலுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. டச்சுத் தீவுகளுக்கு வரும்போதெல்லாம் கேப்டன் தார்ப்புக்கு யாப்தான் நாக்கு.

போன வருடங்களில் ஐந்தாவது கேள்விக்கு யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை. 'இங்கிலாந்து' என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். இது 1776, மே மாதம். அரசரின் படையோடு சண்டை மூண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கலகம் செய்யும் பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் கப்பல் எதைக் கண்டாலும் எதிரிக் கப்பலைப் போலப் பிடித்துக்கொள்ளலாம் என்று லண்டனில் சட்டம் போட்டிருந்தார்கள். ஸ்டேசியாவின் அதே துறையில், கூப்பிட்டால் கேட்கிற தொலைவில், அரசரின் போர்க்கப்பல் ஒன்று தண்ணீர் பிடிக்க வந்து நின்றிருந்தது. டச்சுக் கோட்டையின் பீரங்கி வாய்க்குக் கீழே அது யாரையும் தொட முடியாது. ஆனால், 'இவர்கள் எங்கள் ஆட்கள், எங்களிடம் ஒப்படையுங்கள்' என்று கேட்க முடியும். 'இங்கிலாந்து' என்று சொன்னால் அவர்கள் கையில் நாமே கயிற்றைக் கொடுத்த மாதிரி. இங்கிலாந்து இல்லை என்றால் வேறு என்ன?

படகில் வந்தவர் போஸ்மா என்கிற துறைமுக எழுத்தர். பழைய எழுத்தர் காய்ச்சலில் போய்விட, அவர் இடத்துக்கு டச்சு நாட்டு ஸேலாந்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டச்சைத் தவிர வேறு மொழி தெரியாது. முறைப்படி நடக்காத எதையும் அவருக்குப் பிடிக்காது என்பது அவர் மைக்கூட்டைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவர் பாய்மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். அங்கே சிவப்பும் வெள்ளையுமாகப் பதின்மூன்று கோடு போட்ட கொடி பறந்தது. அதன் மேல் மூலையில் இங்கிலாந்து அரசரின் கொடி தைத்திருந்தது.

"கோடு புதுசா இருக்கு. மூலையைப் பார்த்தா இங்கிலாந்து. நீங்க அவங்க ஆளா, இல்லையா?" என்றார்.

பாதி ஆள் என்று சொல்லிவிடலாமா என்று யாப்புக்குத் தோன்றியது. சொல்லவில்லை. கேப்டன் நாளைக் காலையில் அலுவலகத்துக்கே வந்து சொல்வதாகச் சொன்னார். போஸ்மா ஒப்புக்கொண்டார். படகில் இறங்கும்போது யாப்பிடம், "பத்து மணிக்கு வாங்க. நாடு இல்லாத கப்பல்னு என் புத்தகத்துல ஒன்னு கிடையாது. அதுக்குப் பேரு கொள்ளைக் கப்பல். வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். வெளியே போனால் என்ன காத்திருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் வெயிலுக்குப் பாய்த்துணியைக் கட்டி அதன் கீழே உட்கார்ந்து எல்லோரும் மீனும் வேகவைத்த வெங்காயமும் தின்றார்கள். கேப்டனும் வழக்கத்துக்கு மாறாகக் கீழே போகாமல் அவர்களோடு உட்கார்ந்தார். என்ன நாடு என்று சொல்வது என்பதுதான் பேச்சு.

முதலில் வாயைத் திறந்தவன் டேப்னி. இருபத்து நான்கு வயது வர்ஜீனியாக்காரன். அவன் ஊரான நார்ஃபோக் அந்த ஜனவரியில் எரிந்து போயிருந்தது. அதில் அவன் வீடும் போயிற்று. நம் நாடு வர்ஜீனியா என்று சொல்லிவிடுவோம், எல்லாவற்றிலும் பழையதும் பெரியதும் அதுதான் என்றான். கப்பல் கனெக்டிகட்டுக் கப்பல் என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

சமையல்காரர் எபனேசர் சிரித்துவிட்டார். மார்பிள்ஹெட் மீனவர், ஐம்பது தாண்டியவர், மாசசூசெட்ஸைத் தவிர வேறு எதையும் ஊரென்று மதிக்காதவர். "கல்யாணம் பண்ணிக்காத ராணி ஒருத்தி இருந்தா, அவளுக்குக் காக்கா பிடிக்க வெச்ச பேரு அது. அதை நாடுன்னு எழுதச் சொல்றான் பாரு" என்றார்.

அதோடு விடவில்லை. கரோலினா ஒரு அரசன் பெயர், ஜார்ஜியா இன்னொரு அரசன் பெயர், மேரிலாந்து ஒரு ராணி, நியூ யார்க் ஒரு இளவரசன். பென்சில்வேனியாவில் ஒருவர் காட்டுக்கே தன் வீட்டுப் பெயரை வைத்தார். மற்றவர்களோ பழைய ஊர்ப் பெயருக்கு முன்னால் 'நியூ' என்று ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். அரண்மனையில் நாய்க்குட்டிக்குப் பேர் வைப்பதுபோல நம் எல்லோருக்கும் யாரோ பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விரல் விட்டு அடுக்கினார். மாசசூசெட்ஸ் மட்டும் அந்த மண்ணின் பழைய குடிகள் ஒரு மலைக்கு வைத்த பெயராம், யாரிடமும் இரவல் வாங்கியதில்லையாம்.

"அந்தக் குடிகளைக் கேட்டுட்டா அண்ணே எடுத்தீங்க?" என்றான் டேப்னி.

எபனேசர் மீன் முள்ளைக் கடலில் எறிந்தார்.

கனெக்டிகட் என்பதும் பழைய குடிகளின் சொல்தான், நீண்ட ஆறு என்று பொருள் என்றார் கேப்டன். ஆனால் டச்சுக்காரருக்கு அந்தப் பெயர் வாயிலேயே நுழையவில்லை, காலையில் அதை எழுத மூன்று தடவை கேட்டார். சரி, தனித்தனிப் பெயர் வேண்டாம், எல்லோருக்குமாக ஒரு பெயர் என்றால் என்ன இருக்கிறது? 'அமெரிக்கர்' என்றால் அது பாஸ்டனில் அரசரின் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் திட்டுவதற்கு வைத்திருந்த சொல் என்றார் எபனேசர். 'யாங்கி' அதைவிட மோசம், அது வடக்கத்திக்காரர்களுக்கு வைத்த கேலிப்பெயர், தன்னை யாராவது யாங்கி என்று சொன்னால் அடுத்த துறையிலேயே இறங்கிவிடுவேன் என்றான் டேப்னி. நம் படைக்குக் 'கண்டத்துப் படை' என்றுதானே பெயர், நாமும் 'கண்டத்தார்' என்று சொல்லலாமா என்று கேப்டன் கேட்டுப் பார்த்தார். எந்தக் கண்டம் என்று டச்சுக்காரர் கேட்பாரே என்று அவரே அதைக் கைவிட்டார்.

உண்மையில் கேப்டனுக்கு மனதுக்குள் வேறு வேதனை இருந்தது. அவர் பதினெட்டு வயதில் அரசரின் படையில் சேர்ந்து பிரெஞ்சுக்காரரோடு சண்டை போட்டவர். இடது முழங்காலில் இன்னும் அந்தக் குண்டின் துணுக்கு இருக்கிறது. போன வருடம்வரை சாப்பாட்டுக்கு முன் அரசரின் நலத்துக்குக் குடித்துவிட்டுத்தான் உட்காருவார். தான் ஆங்கிலேயன், அதனால்தான் ஆங்கிலேயனுக்கு உள்ள உரிமையைக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தவர். இப்போது அவர் உள்ளே போய்க் கப்பல் சீட்டை எடுத்து வந்து விரித்துப் படித்தார். பழைய சீட்டில் முதல் வரியே அரசரின் பெயர்தான். இந்தப் பயணத்துக்குக் கிடைத்த புதுச் சீட்டில் அந்த வரி இல்லை. 'ஐக்கியக் குடியேற்றங்களில் ஒன்றாகிய கனெக்டிகட்' என்றிருந்தது. கிளம்பும் அவசரத்தில் அவர் அதைக் கவனித்துப் படித்ததில்லை.

"ஐக்கியக் குடியேற்றங்கள்" என்று இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. டேப்னி கொடியைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. கோடுகளை எண்ணுகிறான் என்று தெரிந்தது.

பிறகு யாப்பின் பக்கம் திரும்பி, "நீ மட்டும் ஏன் வாயே திறக்கல? உனக்கு எந்த நாடு?" என்றான். கிண்டலாகத்தான் கேட்டான்.

யாப் கிழிந்த பாய் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியை நிறுத்தவில்லை. "எந்த நாடுன்னு என்னை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல தம்பி. யார் ஆளுன்னுதான் கேப்பாங்க" என்றான்.

டேப்னியின் அப்பா வீட்டில் இரண்டு அடிமைகள் இருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எபனேசர் ரொட்டிக் கூடையை யாப்பின் பக்கமாகத் தள்ளினார்.

யாப்புக்கு வேறு கவலை. அவன் டச்சு பண்ணை டச்சு. பசுவுக்கும் கலப்பைக்கும் சொல் உண்டு, தேவாலயத்துச் சங்கீதப் புத்தகத்தில் உள்ள சொல்லும் உண்டு. குடியேற்றத்துக்கு என்ன சொல்வது? மத்தியானம் முழுக்க யோசித்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஒன்றில் கேட்ட பழைய சொல் ஒன்றை நினைவில் தேடி எடுத்தான். மக்களை நட்ட இடம் என்று அதற்குப் பொருள். நாற்றை நடுகிற மாதிரி. தன் தாயையும் யாரோ ஒரு கப்பலில் கொண்டு வந்து அந்த ஆற்றங்கரையில் நட்டதுதான் என்று நினைத்துக்கொண்டான். அவள் கேட்டு வந்தவள் இல்லை. ஆனாலும் வேர் பிடித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கேப்டனும் யாப்பும் கரைக்குப் போனார்கள். படகு தள்ள வந்த டேப்னி தானும் வருகிறேன் என்று கூடவே ஏறி வந்தான். கடலோரமாக நீளத்துக்குச் சரக்குக் கிடங்குகள். தெரு முழுக்கச் சர்க்கரைப்பாகும் ரம்மும் நாறின. எழுத்தரின் அறைக்குள் நுழைந்தால் அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரசரின் கடற்படைச் சட்டை. போர்க்கப்பலிலிருந்து வந்த லெப்டினன்ட் ட்ரெல். வெயிலில் தோல் உரிந்த முகம், மரியாதையான ஆள், குரலை உயர்த்தாதவர்.

அவரும் எழுத்தரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெப்டினன்டுக்கு டச்சு தெரியாது. பிரெஞ்சில் பேசிப் பார்த்திருக்கிறார், போஸ்மா தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டார். யாப்பைக் கண்டதும் போஸ்மாவின் முகம் தெளிந்தது. நீயே இரண்டு பக்கத்துக்கும் சொல் என்றார்.

லெப்டினன்ட் யாப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேப்டனிடம், "இவன் யாரோட ஆள்?" என்று கேட்டார்.

"அவர் பேரு யாப் ரோண்டவுட். என் கப்பல்ல சம்பளத்துக்கு வேலை செய்யறார். யாரோட ஆளும் இல்ல" என்றார் கேப்டன் தார்ப்.

ஒன்பது வருடத்தில் கேப்டன் தன்னை 'அவர்' என்று சொல்லி யாப் கேட்டதில்லை. கேப்டனும் அதைக் கவனித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

லெப்டினன்டுக்கு வேறு வழியில்லை. யாப்பின் வழியாகவே பேசினார். இந்த ஆட்கள் என் அரசரின் குடிமக்கள், கலகம் செய்கிறவர்கள், இவர்களையும் கப்பலையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். "இவங்க காகிதத்துல எழுதிக்கிற ஐக்கியக் குடியேற்றங்கள்னு ஒரு நாடு பூமியில எங்கேயும் கிடையாதுன்னு அவர்கிட்ட சொல்லு. குடியேற்றம்னா ஒருத்தரோட சொத்து. சொத்துக்குன்னு தனியா பேரு கிடையாது. சொந்தக்காரர் பேருதான் அதுக்குப் பேரு."

யாப் அதை டச்சில் சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கடைசி வாக்கியம் தன்னைப் பற்றியே சொன்னது போல இருந்தது. அதையும் சொன்னான். டச்சு தெரியாத டேப்னிக்கு மட்டும் அல்ல, கேப்டனுக்குமே அவன் என்ன சொன்னான் என்று தெரிய வழியில்லை. மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த அறையில் பிடிக்க ஆள் இல்லை.

போஸ்மா அவனைக் கூர்ந்து பார்த்தார். "நீ இவங்க கப்பல் ஆளுதானே? உங்களுக்கு எதிரா அவர் சொன்னதை அப்படியே சொல்றியே."

"அவர் சொன்னதை நான் மாத்திச் சொன்னா, அப்புறம் எங்க கேப்டன் சொல்றதை நான் சரியாச் சொல்றேன்னு நீங்க எப்படி நம்புவீங்க ஐயா?"

போஸ்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது உங்கள் கேப்டன் சொல்லட்டும் என்றார்.

கேப்டன் சீட்டை மேசைமேல் விரித்து, "ஐக்கியக் குடியேற்றங்கள்" என்றார். யாப் மத்தியானமெல்லாம் தேடிய சொல்லைப் போட்டு அதை டச்சாக்கினான். போஸ்மாவுக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. குடியேற்றம் என்றால் யாராவது ஒருவருடையதாக இருந்தாக வேண்டும். இந்தத் தீவும் குடியேற்றம்தான், இது டச்சுக் கம்பெனிக்குச் சொந்தம். உங்கள் குடியேற்றங்கள் யாருக்குச் சொந்தம்?

யாப் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் லெப்டினன்ட் முதல்முறையாகச் சிரித்தார். கேப்டன் யாப்பைச் சன்னல் பக்கமாக இழுத்தார்.

"அரசருக்குச் சொந்தம்னு சொன்னா கப்பல் போச்சு. இல்லைன்னு சொல்லலாம்னா, பிலடெல்பியாவுல நம்ம பிரதிநிதிங்க கூடிப் பேசறாங்களே, அவங்களே இன்னும் அதைச் சொல்லத் துணியல. நான் ஒரு வெங்காய வியாபாரி. நான் எப்படிச் சொல்வேன் யாப்?"

யாப் சன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கிருந்து ஹன்னாவின் கொடி தெரிந்தது.

"நாட்டைப் பத்தி நான் ஒன்னும் சொல்லல கேப்டன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்லட்டுமா?"

கேப்டன் தலையசைத்தார்.

யாப் மேசைக்கு முன்னால் போய் நின்றான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். பேச்சு வாக்கில் எசோபஸ் டச்சே வந்தது.

"ஐயா, நான் பிறந்ததுல இருந்து என்னை எல்டிங் வீட்டு யாப்னு சொல்வாங்க. எல்டிங் எங்க எசமான். அவர் செத்து எனக்கு விடுதலை வந்தப்போ, பாதிரியார் புத்தகத்துல எழுதணும்னு கூப்பிட்டார். யார் வீட்டு யாப்னு எழுதன்னு கேட்டார். இனிமே யார் வீடும் இல்லைன்னேன். அப்படி ஒரு பேரே கிடையாது, யாராவது ஒருத்தர் வீடா இருந்தாகணும்னார். எங்க அம்மா துணி துவைக்கிற ஓடைக்கு ரோண்டவுட்னு பேரு. அதைச் சொன்னேன். ஓடை யாருக்கும் சொந்தம் இல்லையேன்னார். ஆமாம், அதனாலதான் சொல்றேன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் எழுதிட்டார். அன்னையில இருந்து நான் யாப் ரோண்டவுட். இந்தக் கேப்டன் கொஞ்சம் முன்னாடி அந்தப் பேரைத்தான் சொன்னார்."

மூச்சு வாங்கிக்கொண்டான்.

"இந்தக் குடியேற்றங்களுக்கும் அதான் நடக்குது ஐயா. யாரோடதுன்னு கேட்டா இவங்களுக்கு இன்னும் சொல்ல வரல. யாருன்னு கேளுங்க, சொல்வாங்க. பதின்மூணு பேர் ஒன்னாச் சேர்ந்து வந்து நிக்கறாங்க. வந்து நிக்கறவங்க சொல்ற பேரை எழுதிக்கறதுதானே உங்க வேலை?"

லெப்டினன்ட், இவ்வளவு நேரம் என்ன பேசினாய் என்று கேட்டார். யாப் அத்தனையையும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னான். கதவருகில் நின்ற டேப்னி தொப்பியைக் கழற்றினான்.

போஸ்மா கேட்டார்: பதின்மூன்றா? ஒருவரோடு ஒருவர் ஒத்துப் போகிறார்களா?

"எங்கே ஐயா. நேத்து மத்தியானம் முழுக்கச் சண்டைதான். எந்தப் பேரு பெரிசுன்னு."

அப்போதுதான் அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஏழு மாகாணமும் இருநூறு வருஷமா அதே சண்டைதான் போடுது. ஸ்பெயின் ராஜா எங்களையும் சொத்துன்னுதான் சொன்னாராம். எங்களுக்கும் ஐக்கிய மாகாணங்கள்னுதான் பேரு, தெரியுமில்ல?"

யாப்புக்கு அது தெரியும். ஆனால் அதை அவரே சொல்லட்டும் என்று விட்டிருந்தான்.

போஸ்மா பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிறுத்தி, குடியேற்றம் என்ற சொல் அவ்வளவு கெட்டியாக இல்லை, எங்களைப் போல 'ஐக்கிய மாகாணங்கள்' என்றே எழுதிவிடட்டுமா, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். யாப் கேப்டனைக் கேட்டான்.

கேப்டன் தார்ப் நேராக நின்றார். முழங்கால் வலியால் அவர் வழக்கமாக அப்படி நிற்பதில்லை. "அடுத்தவங்க பேரு நமக்கு வேண்டாம். சீட்டுல இருக்கறதை எழுதச் சொல்லு."

அப்படியானால் பதின்மூன்றின் பெயரும் வேண்டும் என்றார் போஸ்மா. கேப்டன் சொல்ல ஆரம்பித்து, ஏழாவதில் தடுமாறினார். கதவருகிலிருந்து டேப்னி முன்னால் வந்தான். வடக்கிலிருந்து ஆரம்பித்தான். நியூ ஹாம்ப்ஷயர். மாசசூசெட்ஸ். ரோட் தீவு. ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு எழுத்தரின் பேனா நிற்கும்வரை பொறுத்திருந்தான். யாப் கனெக்டிகட்டை எழுத்துக் கூட்டிச் சொன்னான். வர்ஜீனியா வந்தபோது டேப்னி அதை மற்றவற்றைப் போலவே சொன்னான், அழுத்திச் சொல்லவில்லை. ஜார்ஜியாவில் முடித்துவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றுகொண்டான்.

என்ன எழுதினார் என்று லெப்டினன்ட் கேட்டார். போஸ்மா புத்தகத்தை யாப்பின் பக்கம் திருப்பினார். சங்கீதப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டப் படித்தவன் யாப். விரலை வைத்து மெதுவாக, முதலில் டச்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் உரக்கப் படித்தான். கப்பல் ஹன்னா. தலைவர் அசாஹெல் தார்ப். நாடு, ஐக்கியக் குடியேற்றங்கள். படிக்கும்போது குரல் நடுங்கவில்லை என்று டேப்னி பின்னால் எல்லோரிடமும் சொன்னான். நடுங்கியது யாப்புக்கு மட்டும் தெரியும்.

இதை எதிர்த்து ஆளுநருக்கு எழுதுவேன் என்றார் லெப்டினன்ட். தாராளமாக எழுதலாம், மனு டச்சில் இருக்க வேண்டும், மூன்று படி வேண்டும் என்றார் போஸ்மா. யாப் அதையும் மொழிபெயர்த்தான். லெப்டினன்ட் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். வாசலில் ஒரு கணம் நின்று யாப்பைப் பார்த்து, "நீ நேர்மையான மொழிபெயர்ப்பாளன்" என்றார். போய்விட்டார்.

அன்று மாலைக்குள் செய்தி துறை முழுக்கப் பரவிவிட்டது. அதே துறையில் இன்னும் மூன்று கப்பல்கள், ஒன்று பிலடெல்பியாவிலிருந்து, ஒன்று ரோட் தீவிலிருந்து, ஒன்று சார்ல்ஸ்டனிலிருந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லிப் பதிவைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் கேப்டன்கள் ஒருவர் பின் ஒருவராக ஹன்னாவுக்குப் படகில் வந்து, உங்கள் ஆள் யாப் ரோண்டவுட்டைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். சார்ல்ஸ்டன் கேப்டன் மட்டும் அவனோடு ஒரே படகில் உட்காரக் கொஞ்சம் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். போஸ்மா மூன்று தடவையும் கேள்வி கேட்கவில்லை. மேலே உள்ளபடி என்று ஒரு கோடு போட்டார். யாப்தான், கோடு வேண்டாம் ஐயா, முழுதாக எழுதுங்கள் என்றான். அவரும் எழுதினார். அந்தப் பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கு தடவை அந்தப் பெயர் இருந்தது. யாப் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். தன் வாயிலிருந்து போன சொல் மையாகிக் கிடப்பதை அவன் அதற்குமுன் பாதிரியாரின் புத்தகத்தில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறான்.

போர்க்கப்பல் பதினோரு நாள் துறைக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாகக் காத்திருந்தது. பிறகு உணவு தீர்ந்தோ, உத்தரவு வந்தோ, ஒரு காலை கிழக்கே ஆன்டிகுவா பக்கம் பாய் விரித்துப் போயிற்று. அன்றே நான்கு கப்பல்களும் ஒன்றாகக் கிளம்பின. வெங்காயம் போன இடத்தில் உப்பும் சர்க்கரைப்பாகும் இருந்தன. தேயிலை என்று எழுதிய பெட்டிகளும் இருந்தன. அவற்றின் பக்கத்தில் நெருப்புக் கொண்டு போகக் கூடாது என்று எபனேசர் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்காற்று, நடுவே ஒரு புயல், பாய்மரம் ஒன்று முறிந்து பெர்முடாவில் ஒட்டுப்போட்டது என்று ஹன்னா நியூ ஹேவனுக்குள் நுழைய ஜூலை கடைசி ஆகிவிட்டது. வழிகாட்டி வந்த படகிலிருந்து கிழவர் ஒருவர் கொடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூலையை இன்னும் பிரிக்கலையா என்று கேட்டார். அவர்களுக்குப் புரியவில்லை.

"உங்களுக்குச் சேதியே வரலையா? முடிவு பண்ணிட்டாங்கப்பா. அரசர் கிடையாது. குடியேற்றமும் கிடையாது. இனிமே நாம அமெரிக்க ஐக்கிய நாடுகள்."

கேப்டன் தார்ப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியாதபடி ஏதோ ஓடியது. எபனேசர் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். டேப்னிதான் முதலில் பேசினான். "அந்தப் பேரை எழுத வைக்க நம்ம யாப் எவ்வளவு பாடுபட்டாரு. ரெண்டு மாசம்கூட வெச்சுக்கலையே இவங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யாப்பும் சிரித்தான்.

சிரித்தாலும் அவனுக்கு அதில் நஷ்டம் எதுவும் தோன்றவில்லை. பிலடெல்பியாவில் பெரிய மனிதர்கள் கதவை மூடிக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், கடல் தாண்டிய ஒரு தீவில், அரசரின் அதிகாரிக்கு எதிரே நின்று, இந்தக் கூட்டம் யார் என்று ஒரு பிற நாட்டாருக்குச் சொன்னவன் அவன். அதை யாரும் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெயருக்குள் தனக்கும் தன் போன்றவர்களுக்கும் எவ்வளவு இடம் என்பது இன்னும் எழுதப்படவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கப்பல் கரையை நெருங்கியது. யாப் கொடியை இறக்கினான். தையல் பெட்டியை எடுத்து, மூலையில் இருந்த அரசரின் கொடியைத் துணி கிழியாமல் ஒவ்வொரு இழையாகப் பிரிக்க உட்கார்ந்தான். டேப்னி வந்து துணியின் மறு முனையைப் பிடித்துக்கொண்டான். அந்த இடத்தில் என்ன தைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. யாராவது சொல்லும்வரை வெறும் நீலத்துணி போடலாமா என்று டேப்னி கேட்டான். நல்ல நீலமாகப் பார்த்து எடுத்து வா என்றான் யாப்.